பட்ட நேரம் ஒதுக்கக் கோரும் மனு

பெறுநர்: மாண்புமிகு பேரவைத் தலைவர் அவர்கள், தமிழ்நாடு சட்டப்பேரவை, புனித ஜார்ஜ் கோட்டை, சென்னை.

பொருள்: கேள்வி நேரத்துக்கு முன்பாகப் பட்ட நேரம் ஒதுக்கக் கோருதல் - தொடர்பாக.

ஐயா,

('மாண்புமிகு'வை மேலேயே போட்டுவிட்டேன். அது இல்லாத மனு மேசையைத் தாண்டாது என்று விவரம் தெரிந்தவர்கள் சொன்னார்கள்.)

ஓர் உறுப்பினர் தன் தொகுதிக்குப் பாலம் கேட்க எழுகிறார். கட்சியை நிறுவியவர், அவருக்குப் பின் வந்தவர், இப்போது இருப்பவர், இனி வரப்போகிறவர், துறை அமைச்சர் என எல்லோரையும் அடைமொழியோடு வணங்கி முடிப்பதற்குள் நீங்கள் மணி அடித்துவிடுகிறீர்கள். ஊர் மக்கள் ஆற்றில் இறங்கியே நடக்கிறார்கள்.

1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின்னால் வரும் சாதிப் பட்டத்தை விடச் சொன்னது. பலரும் விட்டார்கள். அப்பா பெயரும் ஒற்றை எழுத்தாகச் சுருங்கி முன்னால் போயிற்று. மிச்சமான இடத்தைச் சும்மா விடுவோமா? அறிஞர், நாவலர், பேராசிரியர், கலைஞர், தளபதி, கேப்டன் என்று நிரப்பினோம். புரட்சி நடிகர் புரட்சித்தலைவர் ஆனார். அடுத்துப் புரட்சித்தலைவி, புரட்சிக் கலைஞர், புரட்சிப் புயல். இத்தனை புரட்சிக்கும் ரேஷன் கடை வரிசை ஒரு அடி நகரவில்லை என்பது வேறு விஷயம். ஈ.வெ.ரா.வுக்குப் 'பெரியார்' பட்டத்தை 1938இல் பெண்கள் ஒரு மாநாட்டில் தீர்மானம் போட்டுக் கொடுத்தார்கள். இப்போது அந்தச் செலவு இல்லை. ஃபிளெக்ஸ் அடிப்பவரே கொடுத்துவிடுகிறார்.

எங்கள் ஊர் நிழற்குடையின் கல்வெட்டைத் தாங்கள் பார்க்க வேண்டும். 'மாண்புமிகு'வில் தொடங்கி, 'பொற்கரங்களால்' வழியாக, வட்டம், கிளை வரை இறங்கி, பெஞ்ச் உயரத்தில்தான் முடிகிறது. உட்கார்ந்தால் ஒன்றியச் செயலாளரின் பெயர் முதுகில் குத்துகிறது. ஊர்ப் பெயருக்கு இடமில்லை. வெளியூர்க்காரர்கள் இறங்கியதும் எந்த ஊர் என்று டீக்கடையில் விசாரிக்கிறார்கள்.

2021 ஆகஸ்டில் அன்றைய முதலமைச்சர் ஸ்டாலின், அவையில் தன்னைப் புகழ்ந்து நேரத்தை வீணாக்கினால் நடவடிக்கை எடுப்பேன் என்று தன் கட்சி உறுப்பினர்களையே எச்சரித்தார். ஆனால் புகழ வேண்டாம் என்று சொன்ன பெருந்தன்மையைப் புகழாமல் இருக்க முடியுமா? இதில் தலைவரையோ கட்சியையோ குறை சொல்லிப் பயனில்லை.

ஆகவே, கேள்வி நேரத்துக்கு முன் அரை மணியைப் 'பட்ட நேரம்' என அறிவித்து, அடைமொழிகள் அனைத்தையும் அங்கேயே அவைக்குறிப்பில் ஏற்றிவிடுமாறும், அதன்பின் யாராக இருந்தாலும் இனிஷியல், பெயர், கேள்வி என்ற மூன்றோடு நிறுத்துமாறு ஆணையிடுமாறும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அடைமொழி ஏதுமற்ற ஒரு வாக்காளர்