மஞ்சள் முசியே

புதுச்சேரியின் பிரெஞ்சுப் பகுதியான ஒயிட் டவுனுக்குள் யாராவது ஒரு லோடு மணல் இறக்கினால் போதும், முசியே ஆஜர். அஸ்திவாரம் எவ்வளவு ஆழம், எத்தனை மாடி, மழைத்தண்ணீர் எங்கே போகும் என்பதெல்லாம் அவருக்கு இரண்டாம்பட்சம்கூட இல்லை. கொத்தனாரைத் தனியாகக் கூப்பிட்டு, "இன்னா கலரு?" என்பார்.

மஞ்சள் என்றால் முகம் மலரும். ஆனால் எந்த மஞ்சள்? சட்டைப்பையிலிருந்து பெயிண்ட் கம்பெனி ஷேட் கார்டு வெளியே வரும். மடித்து மடித்து நடுவில் கிழிந்து, செலோடேப் ஒட்டிய கார்டு. அதைச் சுவரோடு சேர்த்துப் பிடித்து ஒரு கண்ணை மூடிக்கொள்வார். "இது எலுமிச்சம்பழம்பா. ஒயிட் டவுனுக்கு மாம்பழம் வேணும்." பெயிண்டர், "நாலு வெயில் பட்டா எல்லாம் ஒண்ணாயிடும் சார்" என்று வாயைத் திறந்தால் அன்றைய வேலை அவ்வளவுதான். வெளுத்த மாம்பழத்துக்கும் வெளுத்த எலுமிச்சைக்கும் என்ன வித்தியாசம் என்று டூமாஸ் வீதி நெடுகச் சுவர் சுவராகக் கூட்டிப்போய்க் காட்டுவார். வெள்ளை பார்டர் மூன்று அங்குலமா, நாலு அங்குலமா என்ற வழக்கு மதியத்துக்கு மேல் விசாரணைக்கு வரும்.

மஞ்சள் அடித்துவிட்டால் மற்ற குற்றமெல்லாம் மன்னிப்பு. அக்கம்பக்கத்து மொட்டைமாடியை மறைத்துக்கொண்டு லாட்ஜ் எழும்பட்டும், முகப்பில் ஏசி பெட்டிகள் வரிசையாகத் தொங்கட்டும், பெட்டிக்கும் சேர்த்து மஞ்சள் அடிக்கச் சொல்வார். எதையும் தாங்காத தூண் இரண்டு, திறக்கவே திறக்காத ஜன்னல் ஒன்று, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் ஒரு வளைவு. "பேர்லயே பாரிஸ் இருக்கு, வேற என்ன வேணும்?"

ஒரு கூட்டத்தில் இளம் ஆர்க்கிடெக்ட் ஒருத்தி வரைபடம் விரித்தாள். தெருவை ஒட்டிச் சுவர், நடுவில் முற்றம், சுண்ணாம்புப் பூச்சு. புதுக் கட்டடம்தான்; பழசு மாதிரி வேஷம் போடவில்லை. முசியே கார்டை எடுத்தார். வெள்ளை!

"பாரம்பரியம் எங்கம்மா?"

"1761-ல இங்கிலீஷ்காரன் இந்த ஊரையே தரைமட்டமாக்கினான் சார். இப்ப நாம பாரம்பரியம்னு சொல்ற பிரெஞ்சு வீடெல்லாம் அதுக்கப்புறம் கட்டினது. அன்னிக்கு அதுவும் புதுசுதானே?"

"புதுசா இருக்கலாம். மஞ்சளா இருந்துச்சுல்ல?"

கூட்டம் கைதட்டியது. அவள் வரைபடத்தைச் சுருட்டிக்கொண்டாள்.

வீம்பு மட்டும்தான் மனுஷனுக்கு என்று சொல்லிவிட முடியாது. 2014 நவம்பர் மழையில் கடற்கரைச் சாலையில் மேரி என்கிற பழைய நகராட்சிக் கட்டடம் பொலபொலவென்று சரிந்தபோது, குடைகூட இல்லாமல் நின்றார். பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டடம். அது விரிசல் விட்டுக்கொண்டிருந்தது ஊருக்கே தெரியும். அன்று அவர் கார்டை எடுக்கவில்லை. அதே முகப்போடு திரும்பக் கட்டி 2021-ல் திறக்கும்வரை, போகிற வருகிற அதிகாரியிடமெல்லாம் அதைப் பற்றிக் கேட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அப்போதுதான்.

அந்த அக்கறை ஒயிட் டவுனையும் தமிழ்ப் பகுதியையும் பிரிக்கிற பெரிய வாய்க்காலைத் தாண்டாது என்பதுதான் என் ஆத்திரம். வாய்க்காலுக்கு மேற்கே வைசியாள் வீதியில், கீழே திண்ணையும் மரத்தூணும் தாழ்வாரமும், மேலே பிரெஞ்சு வளைவு ஜன்னலும் வைத்து நம் கொத்தனார்கள் கட்டினார்கள். இரண்டு ஊர்க் கட்டடக்கலையை ஒரே சுவரில் ஏற்றியவர்கள் யாரிடமும் ஷேட் கார்டு கேட்கவில்லை. அந்த வீதியைச் சீரமைத்ததற்கு 2008-ல் யுனெஸ்கோ விருது வந்தது. ஆனால் சுற்றிலுமுள்ள தெருக்களில் திண்ணை வீடுகள் போய்க்கொண்டே இருக்கின்றன. பங்காளிகள் எட்டுப் பேர், ஒழுகுகிற கூரை, மெட்ராஸ் டெரஸ் போடத் தெரிந்த ஆள் கிடைப்பதில்லை. கடைசியில் புரோமோட்டர் வருகிறார். திண்ணை இருந்த இடத்தில் நாலு காங்கிரீட் தூணும் அதன் நடுவில் காரும்.

"அது தமிழ் ஏரியாப்பா, அங்க நமக்கென்ன?" என்கிறார் முசியே. அவர் பிறந்ததே அங்கேதான். இந்த ஊரில் கத்தினால் கேட்கிற தொண்டை அவருக்கு மட்டும்தான் இருக்கிறது. அதையும் பார்டர் அங்குலத்துக்கே செலவழித்துத் தொலைக்கிறார்.