ஒசாகாவிலிருந்து டென்னிஸ் களம்வரை: ஜப்பானியக் குடும்பப் பெயர்கள் குறித்து ஓர் ஆய்வு

ஜப்பானின் உள்நாட்டுப் போர்கள் 1615இல் ஒசாகா கோட்டை விழுந்ததோடு முடிந்தன என்று வரலாற்றாசிரியர்கள் எழுதிவருகிறார்கள். விளையாட்டு மாங்காக்களை (ஜப்பானியச் சித்திரக்கதைகளை) புரட்டாததால் நேர்ந்த பிழை இது. கணக்குத் தீராத குலங்கள் எல்லாம் பள்ளிக்கூட மைதானங்களுக்குக் குடிபெயர்ந்து இன்னும் மோதிக்கொண்டிருக்கின்றன என்பதே இக்கட்டுரையின் கருதுகோள்.

முதற்சான்று, அடச்சி மிட்சுருவின் பேஸ்பால் கதையான ‘டச்’ (1981–86). நாயகர்கள் உயேசுகி வீட்டு இரட்டையர். அடுத்த வீட்டுப் பெண் அசகுரா மினாமி. வரலாற்றில் உயேசுகிகள் எச்சிகோவை ஆண்டார்கள், அசகுராக்கள் எச்சிஸெனை. நடுவே எச்சூ, காகா என்று முழு மாகாணங்கள் கிடந்தன. அடச்சி அவற்றை அப்புறப்படுத்திவிட்டு, இரு வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்க ஓர் அறை கட்டிக்கொடுத்தார். எல்லைப் பிரச்சினைக்கு இத்தனை சிக்கனமான தீர்வை எந்த ஷோகுனும் கண்டதில்லை. மினாமிமீது கண்வைக்கும் எதிரணி ஆட்டக்காரன் பெயர் நிட்டா. 1333இல் காமகுராவை வீழ்த்திய நிட்டா யோஷிசதா 1338இல் மாண்டது எங்கே? பிற்காலத்தில் அசகுராக்கள் ஆண்ட அதே எச்சிஸெனில். அசகுரா வாசலை நாடும் நிட்டா தேறமாட்டார் என்பது ஆறரை நூற்றாண்டுக்கு முன்பே முடிவான சங்கதி. அன்று அம்பு, இன்று பந்து.

அடுத்து, ‘ஐஷீல்ட் 21’. அமெரிக்கக் கால்பந்துக் கதை, 2002இல் தொடங்கியது. இதில் கோபயகாவா சேனா என்ற பயந்த பையன் 40 யார்டை 4.2 வினாடியில் ஓடுகிறான். ஏன் ஓடுகிறான்? 1600ஆம் ஆண்டு செக்கிகஹாராப் போரில் கோபயகாவா ஹிதேயாகி, யார் பக்கம் சேர்வதென்று புரியாமல் பெரும்படையோடு மட்சுவோ மலைமேல் நின்றார். நின்று நின்று, கடைசியில் தன் தரப்பின்மீதே பாய்ந்தார். ஒரு குலம் நின்ற பாவத்தை ஒரு பையன் ஓடித் தீர்க்கிறான்.

ஹிதேயாகி 1602இல் வாரிசின்றி இறந்தாரே, சேனா எப்படி அந்த வம்சம் ஆவான் என்று கேட்பார்கள். அதைவிடச் சங்கடமான கேள்வியும் உண்டு. எடோ காலத்தில் சாமானியர்கள் குடும்பப் பெயரை வெளிப்படையாக வைத்துக்கொள்ள முடியாது. மெய்ஜி அரசு 1870இல் அனுமதி தந்தது. மக்கள் அசிரத்தையாக இருக்கவே 1875இல் கட்டாயமாக்கியது. சேனாவின் முன்னோர் அதுவரை பெயரில்லாமல் மீன் விற்றவராகவும் இருந்திருக்கலாம். இத்தகவல் என் கருதுகோளைக் குலைப்பதால் மேற்கொண்டு ஆராயப்படவில்லை.

பெயரில் நிறத்தைத் தேடும் மாற்றுப் பள்ளியினரும் இருக்கிறார்கள். ‘குரோகோவின் கூடைப்பந்து’ அவர்களது வேதம்: அகாஷி என்றால் சிவப்பு, மிதோரிமா பச்சை, முரசகிபரா ஊதா, தலைமுடியும் அதே நிறம். இதற்கு பெயிண்ட் கடை அட்டவணை போதும்.

கனமான சான்று கொனோமி தகேஷியின் ‘டென்னிஸ் இளவரசன்’. ஒசாகாவில் மாண்ட சனாடா யுகிமுரா ஒரே ஆள். அவருடைய மெய்யான பெயர் நொபுஷிகே. ‘யுகிமுரா’ பிற்காலப் போர்க்கதைகள் பரப்பியது. கொனோமி அவரைக் குறுக்கே வெட்டி, சனாடா ஒரு மாணவன், யுகிமுரா இன்னொரு மாணவன் என்று ஒரே பள்ளியில் சேர்த்துவிட்டார். குலப்பெயரையும் கதைப்பெயரையும் இவ்வளவு கறாராகப் பிரித்த வரலாற்றறிஞர் அரிது. சனாடாவின் அடிகளுக்குப் பெயர் காற்று, காடு, நெருப்பு, மலை. இவை தகேடா ஷிங்கெனின் போர்க்கொடியில் இருந்தவை. சனாடா குலம் தகேடாக்களிடம் சேவகம் பார்த்தது. எஜமானர் குலம் அழிந்து நாலு நூற்றாண்டு ஆகியும் விசுவாசி ராக்கெட்டைக் கீழே வைக்கவில்லை.

யுகிமுராவைத் தோற்கடித்த தோகுகாவா குலம் 2009இல் தொடங்கிய அடுத்த தொடரில்தான் வந்துசேர்கிறது. காத்திருந்து, பிந்தி வந்து, எல்லாவற்றையும் அள்ளிக்கொள்வது அவர்களுடைய வழக்கம். இங்கே நடக்கவில்லை. சனாடா, யுகிமுரா, தோகுகாவா மூவரும் ஒரே ஜப்பான் அணியில் ஆட, தலைவராக இருப்பவர் பெயர் பியோதோயின் ஹோஓ. அது 1053இல் உஜியில் எழுப்பப்பட்டு, இன்று 10 யென் நாணயத்தில் இருக்கும் கோயில் மண்டபத்தின் பெயர். கட்டடங்கள் சர்வீஸ் போடுவது பற்றித் தனி ஆய்வு தேவை.