சிறு வரவேற்பின் கால அளவு: ஓர் ஆராய்ச்சி

முகூர்த்தத்துக்கு முதலும் முடிவும் உண்டு. ‘காலை 6.00 மணிக்கு மேல் 7.30 மணிக்குள்’ என்று அழைப்பிதழிலேயே எல்லை கட்டிவிடுகிறார்கள். அதே அழைப்பிதழில் முந்தின நாள் வரவேற்புக்கு ‘மாலை 6.30 மணி முதல்’ என்று மட்டுமே இருக்கும். எதுவரை என்று அச்சகத்தாரும் கேட்பதில்லை, சம்பந்திகளும் சொல்வதில்லை. தொடக்கம் உண்டு, முடிவு கிடையாது என்று தருக்க நூலார் ஒன்றைத்தான் சொல்வார்கள்: உடைந்துபோன பானையின் இன்மை. இரண்டாவது, கல்யாண ரிசப்ஷன்.

ஆய்வுப் பொருளின் எல்லை: சிறு வரவேற்பு. சிறிது என்றால் எவ்வளவு? 2020 மே மாத ஊரடங்கு விதி 50 பேர் என்றது. ஆனால் உலக வழக்கில் ‘ரொம்ப சிம்பிளா, நெருங்கின சொந்தம் மட்டும்’ என்றால் 150 பேர் என்பதே பொருள். ஈண்டும் அதுவே கொள்ளப்படும்.

ஆள் குறைந்தால் நேரமும் குறையும் என்பது பாமரர் கொள்கை. அது பொருந்தாது. ஆயிரம் பேர் கூடும் வரவேற்பில் முகத்தைக் காட்டி, கவரை நீட்டி, சாப்பிட்டு, தாம்பூலப் பையோடு முக்கால் மணி நேரத்தில் நழுவிவிடலாம், கேட்க நாதியில்லை. சிறு வரவேற்பில் அது நடக்காது. பெரியப்பா வாசலில் செருப்புத் தேடுவது மேடையில் நிற்கும் மணப்பெண் கண்ணிலேயே பட்டுவிடும். “அதுக்குள்ள கிளம்பிட்டீங்களா பெரியப்பா?” என்று அங்கிருந்தே குரல் வரும். பெரியப்பா திரும்பி வந்து உட்காருவார். அவரே உட்கார்ந்திருக்கும்போது அவரைவிடச் சின்னவர்கள் எழுந்திருப்பது எப்படி? ஆக, ஆள் குறையக் குறைய வெளியேறும் வழியும் குறைகிறது. சிறு வரவேற்புக்குத்தான் எல்லை முக்கியம் என்பது இதனால் பெறப்படும்.

அந்த எல்லையை வகுப்பது எது? மேடை வரிசையே என்பது பூர்வபட்சம். 150 பேரைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்தால் ஏறக்குறைய 45 குழு. ஏறி, கைகுலுக்கி, “சார், நீங்க கொஞ்சம் இந்தப் பக்கம்” என்று போட்டோகிராபர் நகர்த்தி, கண் மூடியவருக்காக இன்னொரு முறை எடுத்து, இறங்குவதற்குக் குழுவுக்கு ஒன்றரை நிமிடம். மொத்தம் ஒரு மணி எட்டு நிமிடம் தேறாது. இதற்காகவா பத்தரை மணிவரை உட்கார்ந்திருக்கிறோம்?

பந்தியே அளவுகோல் என்பது நம் சித்தாந்தம். இதற்குச் சங்கச் சான்றும் உண்டு. அகநானூற்றின் 86ஆம் பாட்டில் ஒரு கல்யாணத்தை விவரிக்கப் புகுந்த நல்லாவூர் கிழார், முதலில் உளுந்து சேர்த்த சோற்றைத்தான் சொல்கிறார்; பந்தலும் புதுமணலும் விளக்கும் அப்புறம்தான்; மணப்பெண் இன்னும் பின்னால். வரிசைமுறை அறிந்த புலவர்.

50 இலை போடும் டைனிங் ஹாலில் 150 பேருக்கு மூன்று பந்தி. பேப்பர் விரித்து, இலை போட்டு, காசி அல்வாவில் தொடங்கித் தயிர் சாதத்தில் முடித்து, எல்லாவற்றையும் சேர்த்துச் சுருட்டி எடுக்கப் பந்திக்கு 35 நிமிடம். இதில் அவசரப்படுத்த இடமில்லை என்பதை இரண்டாம் பந்திக்காரர் நன்கறிவார். முன்னால் இருப்பவர் சப்பாத்தி குருமாவில் இருக்கும்போது இரண்டடி தள்ளி நிற்பார். தயிர் சாதம் விழுந்ததும் நாற்காலி முதுகில் கை வைப்பார். “தம்பி, இன்னும் கொஞ்சம் ஊறுகாய்” என்று உட்கார்ந்திருப்பவர் கேட்டால் பின்னால் ஒரு பெருமூச்சு கேட்கும். பீடாவை எடுத்துக்கொண்டு எழுந்து முடிப்பதற்குள் நாற்காலியில் ஒரு கைப்பை உட்கார்ந்திருக்கும். மூன்று பந்திக்கு 105 நிமிடம். மேக்கப் முடிந்து மணமக்கள் மேடையேற 27 நிமிடம் (இதற்குக் குறைவாகச் சொல்பவர் கல்யாண வீட்டார் அல்லர்). ஆக 132 நிமிடம்.

இதைப் பழைய கணக்கிலும் சரிபார்க்கலாம். நாழிகைக்கு 24 நிமிடம். ஒரு சாமம் ஏழரை நாழிகை. ஒரு முகூர்த்தம் இரண்டு நாழிகை. சாமத்தில் முகூர்த்தத்தைக் கழித்தால் ஐந்தரை நாழிகை, அதாவது அதே 132 நிமிடம். எதற்காகக் கழிக்க வேண்டும் என்று கேட்கக் கூடாது. விடை சரியாக வந்திருக்கிறது.

அளவு கிடைத்தது; இனி, எத்தனை மணிக்கு முடிப்பது? ஒலி மாசு விதிகள் (2000) இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்கின்றன. மூடிய மண்டபங்களுக்கு விலக்கு உண்டே என்று மெல்லிசைக் குழுவினர் வாதாடலாம். சட்டப்படி சரி, காதுப்படி சரியல்ல. தவிர, எல்லோரும் சாப்பிட்ட பிறகுதான் மணமக்கள் சாப்பிட வேண்டும். அதிலும் முதல் வாய் வீடியோவுக்கு. மறுநாள் 6.00 மணி முகூர்த்தத்துக்கு அந்தப் பெண் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாள் என்று யோசித்தால் ஒன்பது மணிக்கே மண்டபம் காலியாக வேண்டும்.

எனவே பெண் வீட்டாருக்கும் பிள்ளை வீட்டாருக்கும் ஒரு விண்ணப்பம். அடுத்த அழைப்பிதழில் ‘வரவேற்பு: மாலை 6.48 மணிக்கு மேல் இரவு 9.00 மணிக்குள்’ என்று அச்சடியுங்கள். 6.30 என்றால் எட்டு மணிக்கு வருவார்கள். 6.48 என்றால் ஜோசியர் குறித்துக் கொடுத்தது என்று நினைத்து, ஆறே முக்காலுக்கே வந்து உட்கார்ந்துவிடுவார்கள்.