பட்டியலில் இல்லாத அப்பா

ஜூன் மாதத்தின் மூன்றாம் ஞாயிறு தந்தையர் தினம் என்பது எனக்கு ஓ.டி.பி. வடிவில்தான் தெரியவரும். மகள் எனக்குத் தெரியாமல் பரிசு வாங்குவாள். அதற்கு என் கார்டு வேண்டும். கார்டுக்கு உண்டான நம்பர் என் போனுக்குத்தான் வரும். "எதுக்குன்னு கேக்காம அந்த நம்பரைச் சொல்லுப்பா" என்பாள். சொல்லிவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எப்படி ஆச்சரியப்படுவது என்று அன்றிலிருந்தே ஒத்திகை பார்ப்பேன்.

இந்த தினத்தை ஆரம்பித்ததும் ஒரு மகள்தான். மனைவி இறந்தபின் தன்னையும் தம்பிகளையும் தனியாளாக வளர்த்த அப்பாவை நினைத்து, அமெரிக்காவின் ஸ்போகேன் நகரில் 1910-ல் சொனோரா ஸ்மார்ட் டாட் இதை நடத்தினார். அன்னையர் தினத்தை அமெரிக்க அரசு 1914-லேயே ஏற்றுக்கொண்டது. தந்தையர் தினம் சட்டமாக 1972-ல் அதிபர் நிக்சன் வந்து கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. நடுவில் 58 வருஷம் அப்பா வாசலிலேயே நின்றிருக்கிறார். நம் ஊர்க் கணக்கும் அப்படித்தான். பிள்ளை பிறந்தால் மத்திய அரசு ஊழியரான அப்பாவுக்கு 15 நாள் விடுப்பு. அதற்குள் குழந்தைக்குத் தலைகூட நிற்காது. தனியார் கம்பெனி அப்பாவுக்கு அப்படி ஒரு சட்டமே கிடையாது.

சரி, வாசலுக்கு வருவோம். நான் நிற்கும் வாசல் மயிலாப்பூர் வடக்கு மாட வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது. மாடியில் மகளின் பாட்டு கிளாஸ். படிக்கட்டில் செருப்புக் குவியல். கீழே அப்பாக்கள், வண்டியில் பாதி உட்கார்ந்தும் பாதி நின்றும். பில்டிங் செக்ரட்டரி வந்து "வண்டியை எடுங்க சார்" என்று விரட்டுவார். எடுத்து, பத்தடி தள்ளி, அவர் தலை மறைந்ததும் திரும்ப வந்து நிற்போம். எங்களுக்குள் பெயர் தெரியாது. யார் பிள்ளை எந்தப் பாடத்தில் இருக்கிறதோ அதுதான் பெயர். நான் ரொம்ப நாள் 'ஜண்டை வரிசை சார்'. 'வர்ணம் சார்' என்று ஒருவர் உண்டு, வங்கி அதிகாரி. ஜன்னல் வழியாகக் கேட்டுக் கேட்டே மோகன வர்ணம் அவருக்கு முழுக்கப் பாடம். மாடியில் பையன் சரணத்தில் தடுமாறும்போதெல்லாம் கீழே இவர் கையைப் பிசைவார். சங்கீதம் யாருக்கு வந்ததோ, பீஸ் வீணாகவில்லை.

ஆனால் விஷயம் கிளாஸில் இல்லை, திரும்பி வரும் வழியில் இருக்கிறது. பிள்ளைகள் மனம்விட்டுப் பேச வேண்டுமானால் கண்ணைப் பார்த்துப் பேசுங்கள் என்று பத்திரிகைகளில் ஆலோசனை சொல்கிறார்கள். எழுதியவர்களிடம் ஸ்கூட்டர் இல்லை போலிருக்கிறது. பிள்ளைகள் முதுகைப் பார்த்துத்தான் பேசும். வீட்டில் எதிரே உட்காரவைத்து "ஸ்கூல்ல என்ன நடந்தது?" என்றால் "ஒண்ணுமில்ல". அதே பெண், மந்தைவெளி சிக்னலில் பச்சை விழும் நொடி பார்த்து, "அப்பா, கணக்குல பதினொண்ணு" என்பாள். எத்தனைக்குப் பதினொன்று என்று நான் திரும்பிக் கேட்க முடியாது. பின்னால் மாநகரப் பேருந்து ஹார்ன் அடிக்கிறது. வண்டியை எடுத்தே ஆக வேண்டும். கோபம் ஹெல்மெட்டுக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கும். திரு.வி.க. பாலத்தில் அடையாற்றுக் காற்று பட்டதும் பாதி போய்விடும். காந்தி நகர் வருவதற்குள், "சரி, பாத்துக்கலாம்" என்றுதான் வாயில் வரும். நடுவில் ஒரு தோழி பேசாமல் இருப்பது, பி.டி. மாஸ்டர் கேலி செய்தது எல்லாம் வந்துவிடும். மெட்ரோ வேலைக்காக வண்டிகளைச் சுற்றிவிடுகிறார்கள் என்று ஊரே திட்டுகிறது. நான் திட்டுவதில்லை. இரண்டு சந்து கூடச் சுற்றினால் ஒரு ரகசியம் கூட வருகிறது.

நாலு வயதுக்கு உட்பட்ட குழந்தையை இருசக்கர வண்டியில் ஏற்றினால் மணிக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் போகக் கூடாது, ஹெல்மெட்டும் பட்டையும் கட்டாயம் என்று 2022-ல் விதி வந்தது. விதி நல்லது. மயிலாப்பூரில் 40-ஐத் தொட்டுக் காட்டும் அப்பாவை நான் பார்த்ததில்லை.

வண்டி இல்லாத காலத்திலேயே பிள்ளையைச் சுமந்துகொண்டு போய்ப் பாட்டுப் பாடவைத்த முதல் அப்பா சம்பந்தரின் தகப்பனார் சிவபாத இருதயர்தான். சீர்காழிக் குளக்கரையில் மூன்று வயதுப் பிள்ளை வாயில் பால் வழிய நிற்கிறது. குச்சியைக் கையில் எடுத்துக்கொண்டு, யார் கொடுத்ததை வாங்கிக் குடித்தாய் என்று அதட்டினார். வெளியாள் கொடுத்தால் வாங்கித் தின்னாதே என்று இன்று நாம் சொல்வது அதேதான். பிறகு ஊர் ஊராகத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தார். திருநெல்வாயில் அரத்துறைக்குப் போகும்போது பிள்ளை தோளில் ஏறாமல் தானே நடந்தது. உடனே இறைவன் முத்துச் சிவிகை அனுப்பிவிட்டார். அதுவரை சுமந்த தோளுக்கு என்ன வந்தது? பின்னாளில் யாகச் செலவுக்குப் பணம் வேண்டும் என்று அதே பிள்ளையிடம் வந்து நின்றார். திருவாவடுதுறையில் பிள்ளை பாடி ஆயிரம் பொன் வாங்கிக் கொடுத்தது. அதற்குப் பதிகம் வேண்டியிருந்தது, இப்போது ஓ.டி.பி. போதும்.

பங்குனியில் கபாலி கோயில் அறுபத்து மூவர் விழாவுக்கு மகளோடு போயிருந்தேன். மாட வீதி முழுக்க அப்பாக்களின் தோளில் குழந்தைகள். எனக்கு முன்னால் நின்றவரின் தோளில் இருந்த பொடியன் ரோஸ்மில்க் டம்ளரை அப்பாவின் வழுக்கையில் ஊன்றிப் பிடித்திருந்தான். அது சரிந்து காதோரம் வழிந்தது. அவர் துடைக்கக்கூட இல்லை. கை விட்டால் பையன் விழுவான்.

"இதுல சம்பந்தரோட அப்பா எந்தப் பல்லக்கு?" என்றாள் மகள்.

"அவர் இல்லம்மா."

"ஏன்?"

நாயன்மார் பட்டியல் போட்டவர் சுந்தரர். கடைசிப் பாட்டில் தன் அப்பா சடையனாரையும் அம்மா இசைஞானியாரையும் சேர்த்துவிட்டார். நல்ல பிள்ளை. அந்தச் சடையனார், அரசர் ஆசைப்பட்டுக் கேட்டதும் பிள்ளையை வளர்க்கக் கொடுத்துவிட்டவர். வளர்த்த நரசிங்க முனையரையரும் பட்டியலில் உண்டு. பிள்ளையையே கறி சமைத்த சிறுத்தொண்டரும் உண்டு. கதை நல்லபடியாக முடிகிறது என்றாலும், குழந்தைகள் நலத்துறைக்கு அவர் கோப்பு போனால் சிக்கல்தான். தோளில் சுமந்தவர் இல்லை. பாம்பு தீண்டி இறந்த மகள் பூம்பாவையின் சாம்பலைக் குடத்தில் வைத்துக் காத்திருந்த இந்த ஊர்க்காரர் சிவநேசரும் இல்லை. அன்று காலையில்தான் அவர் பெண் உயிர் பெற்றெழுந்த வைபவம் நடந்திருந்தது.

இத்தனையையும் அந்தக் கூட்டத்தில் கத்திச் சொன்னேன். அவள் யோசித்துவிட்டு, "பார்க்கிங் கெடச்சிருக்காதுப்பா" என்றாள்.

எனவே மயிலாப்பூர், தி.நகர், அடையாறு வட்டாரத்துப் பாட்டு, டான்ஸ், கீபோர்டு, அபாகஸ் டீச்சர்களுக்கு ஒரு விண்ணப்பம். மாடிப்படிக்குக் கீழே ஒரு பெஞ்சு போடுங்கள். பழைய ஸ்கூல் பெஞ்சு போதும். ஃபேன் கேட்கவில்லை, கேட்டால் பீஸை ஏற்றிவிடுவீர்கள்.