அப்பாவுக்கு வெள்ளை போர்டு, சமையல்காரனுக்கு மஞ்சள் போர்டு

அனுப்புநர்
ஒரு சமையல் காண்ட்ராக்டர்.
(ஊரைச் சொன்னால் எந்த ஆபீஸ் என்று தெரிந்துவிடும்.)

பெறுநர்
உயர்திரு வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்.
(எந்த வட்டாரமாக இருந்தாலும் சரி.)

பொருள்: சிறிய வேன் வாங்குதல் – வீட்டுக்கும் தொழிலுக்கும் – நான் ஒரு ஆளா, இரண்டு ஆளா எனத் தெளிவுரை கோருதல் – தொடர்பாக.

பார்வை: மோட்டார் வாகனச் சட்டம், 1988, பிரிவுகள் 2(13), 2(14).

ஐயா,

சேமிப்பையும் வங்கிக் கடனையும் சேர்த்துப் பார்த்தால் என்னால் ஒரே ஒரு வண்டிதான் வாங்க முடியும். அதில் எனக்குக் குறையில்லை, ஓட்டப்போவதும் ஒருவன்தான். ஆனால் தங்கள் பதிவேட்டில் நான் இரண்டு பேர் என்பது ஷோரூமில்தான் தெரியவந்தது.

அங்கே இரண்டு ஈக்கோ வேன் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. ஒன்று ஐந்து சீட்டு, மற்றது கார்கோ. இரண்டுக்கும் அதே 1197 சிசி எஞ்சின். இரண்டும் நாலு மீட்டருக்குள் அடங்குபவை. பக்கக் கதவை இழுத்துச் சாத்துவதும் அப்படியே. ஒன்றில் பின்னால் சீட்டும் கண்ணாடியும் இருக்கின்றன. மற்றதில் முன்னால் இரண்டே சீட்டு, பின்னால் வெறும் தரை, கண்ணாடி இருக்க வேண்டிய இடத்தில் தகரம். மைலேஜ் என்ன, பெட்ரோலா சிஎன்ஜியா, அண்டா ஏற்றினால் பின்பக்கம் அமுங்குமா என்றெல்லாம் கேட்கப் பட்டியல் போட்டுக்கொண்டு போயிருந்தேன். விற்பனைத் தம்பி ஒரே கேள்வியில் பட்டியலைச் சுருட்டி வைத்துவிட்டார்.

“வெள்ளை போர்டாண்ணே, மஞ்ச போர்டாண்ணே?” வெள்ளை என்றால் வீட்டு வண்டி, மஞ்சள் என்றால் தொழில் வண்டி.

ஆம்னி இருந்தால் அதையும் ஒரு பார்வை பார்த்திருப்பேன். 1984-இல் மாருதி வேன் என்று வந்து, பிறகு ஆம்னி என்று பெயர் மாற்றிக்கொண்ட அந்த 796 சிசி டப்பா, சினிமாவில் ஆளைக் கடத்தியது. ஊருக்குள் பள்ளிக்கூடப் பிள்ளைகளையும் பூக்கூடையையும் நோயாளியையும் ஏற்றியது. புதிய விபத்துப் பாதுகாப்பு விதிகளுக்குத் தாக்குப்பிடிக்காமல் 2019-இல் நின்றுபோனது. அந்த விதி சரியான விதி. மூக்கே இல்லாத வண்டியில் முட்டிக்கொண்டால் முதலில் நசுங்குவது ஓட்டுகிறவன் முழங்கால். அதில் எனக்குத் தகராறு இல்லை. என் தகராறு போர்டோடு.

என் பிழைப்பைச் சொல்லிவிடுகிறேன். முகூர்த்த நாள் என்றால் விடியற்காலை மூன்று மணிக்கு வண்டி கிளம்ப வேண்டும். இட்லிக் கொப்பரை, இரண்டு பெரிய அண்டா, சாம்பார் வாளிகள், ஜல்லிக்கரண்டி, அரைத்த மாவு நிறைந்த தேக்சா. மாவுத் தேக்சாவை மட்டும் கடைசியில், கதவோரமாக வைப்போம். வாயில் ஈரத்துணி கட்டி, இரண்டு பக்கமும் அரிசிச் சிப்பத்தை முட்டுக் கொடுத்தால்தான் வேகத்தடையில் பொங்கி வழியாது. பந்தி முடிந்து பாத்திரம் கழுவித் திரும்பினால், அதே வண்டியில் அம்மாவைக் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். சாயங்காலம் பிள்ளைகளுக்கு டியூஷன். இவற்றில் எது வீடு, எது தொழில் என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியும். வண்டிக்குத் தெரியாது.

தங்கள் சட்டத்துக்குத் தெரியும் என்று நம்பிப் படித்தேன். வண்டியில் ஏறும் எதுவும் சரக்கு, உயிருள்ள மனிதரைத் தவிர, என்கிறது 2(13). ஆடு மாடும் சரக்கு. ஆனால் காரில் கொண்டுபோகும் லக்கேஜும் சொந்த உடைமையும் சரக்கில் சேராதாம். அடுத்த 2(14) இன்னும் அழகு: சரக்குக்கென்றே கட்டாத வண்டியாக இருந்தாலும், சரக்கு ஏற்றும்போது அது சரக்கு வண்டியாகிவிடும். அதாவது என் தங்கை வீட்டுக்கு வளைகாப்புக்கு ஐந்து வகைச் சாதம் எடுத்துப்போனால் உடைமை. அதே சாதம், அதே அண்டாவில், தெருக்கோடி மண்டபத்துக்குக் கூலிக்குப் போனால் சரக்கு. தங்கை வீட்டுக்காரர் “செலவுக்கு வைத்துக்கொள்ளுங்கள் மச்சான்” என்று ஐந்நூறு ரூபாயைச் சட்டைப்பையில் திணித்தால், வண்டி எந்தத் திருப்பத்தில் இனம் மாறுகிறது என்று தெரிவிக்கக் கோருகிறேன். குலதெய்வம் கோயிலுக்குக் கிடா கொண்டுபோவதும் உண்டு. போகும்போது ஆடு; ஆகவே சரக்கா? திரும்பும்போது சாப்பிட்டவர்கள் வயிற்றில் வருகிறதே, அப்போது?

சரி, மஞ்சள் போர்டே போடுவோம் என்று கார்கோ பக்கம் போனேன். 3,000 கிலோ மொத்த எடைக்குள் அடங்கும் சரக்கு வண்டிக்குப் பர்மிட்டே வேண்டாம் என்று 66-ஆம் பிரிவு சலுகை தருகிறது. மகிழ்ச்சி. எஃப்சி என்ற தகுதிச் சான்று எடுக்க வேண்டும். முதல் எட்டு வருஷம் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை, பிறகு வருஷா வருஷம். எடுக்கிறேன். மின்னும் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். ஒட்டுகிறேன். ஆனால் மனைவி மக்களை எங்கே வைப்பது? ஆர்சி புத்தகத்தில் இரண்டே சீட்டு, ஒன்று எனக்கு. சும்மா ஏறி வருகிறவருக்குச் சரக்கு வண்டியின் இன்சூரன்ஸ் பொறுப்பாகாது என்று ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2002-லேயே சொல்லிவிட்டது. விதிவிலக்கு ஒன்று உண்டு. 1994 திருத்தப்படி, சரக்கின் உரிமையாளரோ அவருடைய அதிகாரம் பெற்ற பிரதிநிதியோ கூட வரலாம்.

எனவே தொழிலை மனைவி பெயருக்கு மாற்றிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் சரக்கின் உரிமையாளர் ஆகிவிடுவாள். ஆனால் அவள் தாய்வீட்டுக்குப் போகும்போதெல்லாம் மடியில் ஒரு ஜல்லிக்கரண்டியாவது இருக்க வேண்டும். கரண்டியை மறந்துவிட்டு ஏறினால் அந்தப் பயணத்தில் அவள் யார்? ஒன்பது வயது மகளை இட்லித்தட்டின் அதிகாரம் பெற்ற பிரதிநிதியாக நியமித்துக் கடிதம் கொடுத்தால் ஏற்பீர்களா? நோட்டரி கையெழுத்து வேண்டுமா, அல்லது ஹெட்மாஸ்டர் கையெழுத்தே போதுமா?

ஒரு ஆபீஸ் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த புரோக்கர் வேறு வழி சொன்னார். “வெள்ளை போர்டு எடுத்துட்டு பின் சீட்டைக் கழட்டிப் போட்டுக்கங்கண்ணே. ஞாயித்துக்கிழமை மாட்டிக்கலாம்.” ஆர்சியில் உள்ளதற்கு மாறாக வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது 52-ஆம் பிரிவு. தவிர, ஐந்து சீட்டு வண்டியில் பின் சீட்டு இருக்கும் இடத்தில் அண்டாவுடன் யாராவது நிறுத்தினால், “சார், இது சொந்த உடைமை” என்று நான் எத்தனை அண்டா வரை சொல்லலாம்? சட்டத்தில் எண்ணிக்கை இல்லை. பரிசோதகர் முகத்தைப் பார்த்து நாங்களே கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. அந்தக் கணக்குக்கு ரசீதும் கிடைப்பதில்லை.

ஓட்டுநர் விஷயத்தில் நீதிமன்றம் தெளிவாகிவிட்டது. கார் லைசென்ஸ் வைத்திருப்பவர் 7,500 கிலோவுக்குள் உள்ள போக்குவரத்து வாகனத்தையும் ஓட்டலாம் என்று 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் அமர்ந்து சொன்னார்கள். ஆக, வெள்ளை போர்டை ஓட்டுகிறவனும் மஞ்சள் போர்டை ஓட்டுகிறவனும் ஒரே ஆள் என்பது உச்ச நீதிமன்றம் வரை நிரூபணமாகிவிட்டது. வண்டி மட்டும்தான் இன்னும் இரண்டாகக் கிடக்கிறது.

அதுவும் எல்லார் வண்டியும் அப்படிக் கிடக்கவில்லை. ஹைலக்ஸ், வி-கிராஸ் என்று சில பிக்கப் வண்டிகள் ஓடுகின்றன. முன்னால் ஐந்து பேருக்குச் சொகுசு சீட்டு, பின்னால் திறந்த தொட்டி. மனிதரும் சரக்கும் ஒரே சேசிஸில் சமரசமாக வாழ்கிறார்கள். அவற்றுக்கு வெள்ளை போர்டு உண்டு. அந்தத் தொட்டியில் என் இட்லிக் கொப்பரை ஏறினால் ஜோராக நிற்கும். ஹைலக்ஸின் விலைதான் முப்பது லட்சம் பக்கம் நிற்கிறது. மஞ்சள் போர்டிலும் ஐந்து பேர் உட்காரும் பொலிரோ கேம்பர் இருக்கிறது. அதாவது ஆளும் சரக்கும் சேர்ந்து போகலாம் என்று தங்கள் துறைக்கு ஏற்கெனவே தெரியும். சின்ன வேனுக்கு மட்டும் அந்த ஞானம் இறங்கி வரவில்லை.

ஜப்பான்காரர்கள் இதை முடித்துவைத்திருக்கிறார்கள். நம் ஆம்னிக்குச் சொந்தக்காரச் சாதியான சுசுகி எவ்ரி, அங்கே 660 சிசிக்குள் அடங்கும் சின்ன வேன். சரக்கு வகையில் பதிவாகும். ஆனாலும் பின்னால் மடக்கும் சீட்டு உண்டு. சரக்கு இடம் ஆள் இடத்தைவிடக் குறையக் கூடாது என்பது நிபந்தனை. பின் சீட்டு பலகை மாதிரி இருக்கும், நீண்ட தூரம் உட்கார்ந்தால் இடுப்பு போகும், அது வேறு விஷயம். முக்கியமானது இதுதான்: தன் சரக்கைத் தானே ஏற்றிக்கொண்டால் அங்கே அது சொந்த உபயோகம். அடுத்தவர் சரக்கைக் கூலிக்கு ஏற்றினால்தான் தொழில் வண்டி. அதற்குத் தனி நிறத்தில் போர்டு. நான் அடுத்தவர் இட்லியைச் சுமக்கவில்லை ஐயா. நான் சுட்டது, நானே கொண்டுபோகிறேன்.

ஆகவே என் கோரிக்கை ஒன்றுதான். 3,000 கிலோவுக்குள் உள்ள சின்ன வேனில், உரிமையாளர் தன் சொந்தத் தொழிலின் பொருளையும் தன் குடும்பத்தையும், ஆர்சியில் எழுதிய சீட்டு எண்ணிக்கைக்குள், ஏற்றிக்கொள்ள ஒரு தனி வகை வேண்டும். போர்டு எந்த நிறமானாலும் ஆட்சேபணை இல்லை. அதற்கான வரியை வாங்கிக்கொள்ளுங்கள். எஃப்சிக்குக் கூப்பிடுங்கள், வருகிறேன். இன்சூரன்ஸ் கம்பெனி என் மகள் தலைக்கும் சேர்த்து பிரீமியம் கேட்கட்டும், கட்டுகிறேன். அடிபட்டால் அவள் கரண்டியோடு வந்தாளா என்று மட்டும் கேட்க வேண்டாம். இது மத்தியச் சட்டம், தங்கள் மேசையில் தீராது என்பது தெரியும். எனவே இந்தக் கடிதத்தைக் கோப்பில் கட்டி வைக்காமல் ஆணையருக்கும், அவர் வழியாக டெல்லி அமைச்சகத்துக்கும் அனுப்பிவைக்க வேண்டுகிறேன்.

ஆடியில் எங்களுக்கு வேலை இல்லை, ஷோரூமில் தள்ளுபடி உண்டு. ஆவணி முதல் முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் வாங்கிவிட்டேன். அதற்குள் பதில் தாருங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
சமையல் காண்ட்ராக்டர்

நகல்: போக்குவரத்து ஆணையர், சென்னை – தகவலுக்கும் தக்க நடவடிக்கைக்கும்.