ஒருநாள் மலையேற்றத் திட்டவியல்: முன்னுரைக்கு ஒரு முன்னுரை

கலிபோர்னியாவில், மில்பிடாஸ் ஊரின் கிழக்கு ஓரத்தில், சான்டா கிளாரா கவுன்டிக்குச் சொந்தமான எட் லெவின் பூங்கா இருக்கிறது. பரப்பு 1,500 ஏக்கருக்கு மேல். அடிவாரத்தில் சாண்டி வூல் ஏரி, சரிவுகளில் கிளைடர் கட்டிக்கொண்டு பறப்பவர்கள், எல்லாவற்றுக்கும் மேலே 2,594 அடி உயரத்தில் மான்யுமென்ட் பீக். போய்வர ஏறத்தாழ 8 மைல், ஏற்றம் 2,000 அடிக்கு மேல். இம்மலையை ஏறுவது பற்றிப் பலரும் பேசிவிட்டார்கள். ஏறத் திட்டமிடுவது பற்றித் தனித்துறை இன்னும் தோன்றாதது ஆய்வுலகின் பெருங்குறை. அதை நிரப்பவே இக்கட்டுரை எழுந்தது. நிரப்பாமற் போனாலும், குறையைச் சுட்டியதற்கே பாதிப் பட்டம் தருவது பல்கலைக்கழக மரபு.

இத்துறைக்கு முன்னோர் உண்டோ எனின், உண்டு. பத்துப்பாட்டில் ஒன்றான மலைபடுகடாம், நன்னனைக் காணப் போகும் கூத்தருக்கு 583 அடிகளில் மலைவழி சொல்கிறது. பன்றிக்கு வைத்த பொறி, பாம்பு கிடக்கும் இடம், புனங்காப்போர் வீசும் கவண்கல் என்று வழியிலுள்ள ஆபத்துகளைப் பெருங்கௌசிகனார் வரிசையாக எச்சரித்துவிடுகிறார். இந்நூலை ஆராய்ந்து முனைவரானோர் பலர். அவர்களுள் ஏதேனும் ஒரு மலையை ஏறியோர் எத்தனை பேர் என்பது மேலாய்வுக்கு உரியது.

இனி, திட்டத்தின் உறுப்புகள்.

பாம்பு: உண்டு. வாலை ஆட்டி ஓசை எழுப்பும் சாதி.

மாடு: உண்டு. மேய்ச்சல் நிலம் ஆகையால், வேலிக்கதவைத் திறந்தவரே மூடுக.

நிழல்: அரிது.

தண்ணீர்: மணிக்கு அரை லிட்டர் என்பது பொதுவிதி.

கட்டுச்சோறு: புளியோதரையோ தயிர்சாதமோ என்பதற்குத் தனிநூலே வேண்டும். விரிப்பின் பெருகும்.

விஷ ஓக்: மூன்று மூன்று இலையாக இருக்கும். தொட்டால் தோல் கொப்பளிக்கும். குளிர்காலத்தில் இலை உதிர்ந்து வெறுங்குச்சியாக நின்றாலும் அதே பலன். பெயரில் ஓக் இருந்தாலும் இது மாவும் முந்திரியும் சேர்ந்த குடும்பம். நம்மூர் சேங்கொட்டை இதற்கு நெருங்கிய உறவு. உறவினர் என்பதால் சலுகை எதிர்பார்க்க வேண்டாம்.

எஞ்சியது காலம். ஆய்வின் உயிர்நிலை இதுவே.

ஸ்காட்லாந்து மலையேறி வில்லியம் நெய்ஸ்மித் 1892இல் ஒரு விதி செய்தார்: ஒவ்வொரு 3 மைலுக்கும் 1 மணி, ஒவ்வொரு 2,000 அடி ஏற்றத்துக்கும் மேலும் 1 மணி. அதன்படி நம் மலைக்கு 3 மணி 40 நிமிடமும் சற்றுக் கூடவும் ஆகும். புவியியலாளர் வால்டோ டோப்ளர் 1993இல் இன்னும் நுணுகிப் பார்த்தார். அவர் சூத்திரப்படி சமதரையில் மணிக்குச் சுமார் 5 கிலோமீட்டர் நடக்கும் மனிதன், நூற்றுக்கு 5 என்ற மெல்லிய இறக்கத்தில்தான் உச்ச வேகமான 6 கிலோமீட்டரை எட்டுகிறான். இருவர் கணக்கிலும் ஆறு தமிழ்க் குடும்பங்கள் ஓரிடத்தில் கூடுவதற்கு ஆகும் நேரம் சேர்க்கப்படவில்லை. ஆகவே இரண்டும் இங்கே முழுமையாகச் செல்லா.

புறப்படும் நேரம் "காலை 6 மணி" என்பது முதலுரைகாரர் கொள்கை (வாட்ஸாப் குழு, வியாழன் இரவு). 6 மணி என்றது எழுவதையா, கிளம்புவதையா, வந்து நிற்பதையா என ஐயுற்று, எழுவதையே என நிறுவினார் இரண்டாம் உரைகாரர் (மேற்படி குழு, அதற்கு நேர் கீழே, இரு கட்டைவிரல் ஆதரவுடன்). இதை மறுத்து, "அண்ணா, பிள்ளைகள் சாப்பிடாமல் எப்படிக் கிளம்புவது? ஏழு வையுங்கள்" என்றார் மூன்றாமவர் (குரல்பதிவு, 4 நிமிடம், முதல் 3 நிமிடம் மிக்ஸி ஓசையால் சிதைந்தமையால் எஞ்சியதே மூலபாடமாகக் கொள்ளப்பட்டது). நான்காமவரின் இல்லத்தரசியார் இம்மூவரையும் ஒருங்கே மறுத்து, முந்தின இரவே முடிவெழுதி வைத்துவிட்டார் (பிரிட்ஜ் கதவு, வலப்பக்கக் காந்தத்தின் கீழ், மளிகைப் பட்டியலின் பின்புறம், பென்சில் எழுத்து, இரண்டாம் வரியை மகன் வரைந்த டைனோசர் மறைத்துள்ளது, டைனோசரின் வாலுக்கு அடியில் தெரிவது ஏழா ஒன்றா என்பதில் பாடபேதம் உண்டு, ஒன்று எனக் கொள்வோர் மதியம் 1 மணி எனப் பொருள் உரைத்து, திட்டத்தையே மறுவாரத்துக்குத் தள்ளுவர்).

ஐந்தாம் உரைகாரர் வெறும் "ஓகே" என்றார். எதற்கு ஓகே என்று அவர் குறிப்பிடவில்லை. நான்கு கொள்கையினரும் அவரைத் தம் சான்றாக மேற்கோள் காட்டுகின்றனர். எவரையும் படிக்காமலே எல்லோருக்கும் மேற்கோளாவது எப்படி என்பதை ஆய்விதழ்களுக்குக் கட்டுரை அனுப்புவோர் இவரிடம் கற்கலாம்.

ஆறாம் குடும்பத்தார் ஒன்றும் சொல்லாமல் தாமே போய் ஏறிவிட்டு, உச்சியிலுள்ள தகவல்தொடர்புக் கோபுரங்களின் படத்தைக் குழுவில் போட்டனர். முறையான திட்ட வரைவு ஏதுமின்றி நிகழ்ந்ததால் இந்த ஏற்றம் ஆய்வில் கணக்கில் கொள்ளப்படவில்லை.

முடிவு சொல்வது ஆய்வாளர் வேலை அன்று. மேலாய்வு தேவை என்பதே அவர் சொல்லத்தக்கது. ஆனாலும் மெய்யாகவே போக நினைப்பவர்களுக்குச் சில செய்திகள். மழைக்குப்பின் மலை பச்சையாக இருக்கும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை நல்ல பருவம். கோடையில் புல் காய்ந்து மஞ்சளாகி, வெயில் நேரே தலையில் இறங்கும். ஆளுக்கு 2 லிட்டர் தண்ணீர் குறையக் கூடாது. மாலையில் சூரியன் மறைந்தால் பூங்காவை மூடிவிடுவார்கள். காலையில் திறப்பது 8 மணிக்கு.