கடலாருக்கு வரவேற்பு

மேட்டூர் அணை 120 அடியைத் தொட்டு, உபரிநீர் கொள்ளிடத்தில் திரும்பிவிட்டால் போதும். தமிழ்நாட்டில் ஒப்பாரி தொடங்கிவிடும். "இத்தனை டி.எம்.சி. வீணாகக் கடலில் கலந்துவிட்டதே!" ஆட்சி மாறினால் அழுகிறவர் மாறுவார், ஒப்பாரி மாறாது. ஏதோ கடல் வழிப்பறி செய்துவிட்டது போலவும், ஆறு தாலிக்கொடியைப் பறிகொடுத்துவிட்டு நிற்பது போலவும் பேச்சு.

இவ்வளவு வசவு கேட்ட கடல் கடைசியில் தானே கிளம்பி வந்துவிட்டது. பழையாறு முகத்துவாரம் வழியாகக் கொள்ளிடத்துக்குள் ஏறி, மகேந்திரப்பள்ளி, அளக்குடி என்று ஊர் ஊராகக் குசலம் விசாரிக்கிறது. கிணற்றில் உப்பு, வயலில் உப்பு. ஆற்றோர மக்கள் குடிநீருக்குக் குடத்தோடு நிற்கிறார்கள்.

வரவேற்பு ஏற்பாடெல்லாம் நம்முடையதுதான். கடல்நீரை எதிர்த்துத் தள்ளுவது ஆற்றின் ஓட்டம். அதை முக்கொம்பிலும் கீழணையிலும் கதவு போட்டு நிறுத்தினோம். மணல்மேடு உயர்ந்து நின்றால் ஓதம் மேலே ஏற முடியாது. அந்த மணலை லாரியில் ஏற்றி விற்றோம். 2003-ல் தமிழ்நாடு அரசு மதுக்கடைகளையும் மணல் குவாரிகளையும் ஒரே ஆண்டில் தன் கைக்குக் கொண்டுவந்தது. குடிப்பவன் ஈரலும் ஆற்றின் அடிவயிறும் அன்றுமுதல் அரசுக்கு நேரடி வருமானம். படுகை பள்ளமாகப் பள்ளமாகக் கடலாருக்குச் சிரமமில்லாத பயணம்.

உப்புநீர் கனமானது. நன்னீருக்கு அடியில் புகுந்து மெல்ல மேலேறும். கரையில் நின்று பார்க்கிற அதிகாரிக்கு ஆறு ஆறாகத்தான் தெரியும். சேற்றில் கிடக்கும் கெளுத்திக்குத்தான் முதலில் சேதி தெரியும். கெளுத்தி குறைதீர் கூட்டத்துக்கு மனு கொண்டுவருவதில்லை என்பது நிர்வாகத்துக்குப் பெரிய வசதி.

நன்னீர் மீனின் உடம்பில் சுற்றியுள்ள நீரைவிட உப்பு அதிகம். அதனால் தண்ணீர் தானாக உள்ளே புகும். அதை ஓயாமல் சிறுநீராக வெளியேற்றியே அது பிழைக்கிறது. உப்புநீரில் எல்லாம் தலைகீழ். உடம்பிலுள்ள நீர் வெளியே போகும். தண்ணீருக்குள் கிடந்தபடியே அது வற்றிச் சாகிறது. வளர்ந்த விராலும் கெண்டையும் மேலே ஓடிப் பார்க்கலாம். முட்டையும் குஞ்சும் எங்கே ஓடும்? ஓடுகிற மீனையும் மேலே வரவேற்பது அணைக்கதவுதான்.

இடம் காலியானால் ஆள் வராமலா போவார்? ஜிலேபிக் கெண்டை இருக்கிறது. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இதை 1952-ல் நாமே வளர்க்கக் கொண்டுவந்தோம். நன்னீரிலும் வாழும், உப்புநீரிலும் வாழும், சாக்கடையிலும் குடும்பம் நடத்தும். எந்த ஆட்சி வந்தாலும் அமைச்சராகிறவர்களை நமக்குத் தெரியாதா என்ன!

கணக்கிலும் ஆற்றுக்கு நாம் குறை வைக்கவில்லை. காவிரி நடுவர் மன்றம் 2007-ல் 740 டி.எம்.சி.யைப் பங்கிட்டது. சுற்றுச்சூழல் பாதுகாப்புக்கு 10. தவிர்க்க முடியாமல் கடலுக்குப் போவதற்கு 4. தலைக்காவிரியிலிருந்து பூம்புகார் வரை உயிர் வைத்திருக்கும் அத்தனை மீனுக்கும், நண்டுக்கும், முகத்துவாரத்துக்கும், அலையாத்திக்கும் சேர்த்து 14. அதிலும் கடைசி நான்கைத் தவிர்க்க வழியில்லையே என்ற வருத்தத்தோடு எழுதியிருக்கிறார்கள்.

கடலைத் தடுக்கத் திட்டம் இல்லையா என்பீர்கள். உண்டு. சுவர்! ஆதனூர்–குமாரமங்கலம் கதவணையை 2014-ல் அறிவித்தார்கள். வேலை தொடங்குவதற்குள் ஆண்டுகள் ஓடின. அதற்குக் கீழே கடலை ஒட்டி இன்னொரு தடுப்பணை வேண்டும் என்று அடுத்த கோரிக்கை. மணலை அள்ளிப் படுகையைத் தாழ்த்துவதில் ஒரு காசு. தாழ்ந்த படுகைக்குக் குறுக்கே அதே மணலால் கான்கிரீட் போடுவதில் இன்னொரு காசு. விலாங்கு என்று ஒரு மீன் உண்டு. கடலுக்குப் போய் முட்டையிடும். அதன் குஞ்சு ஆறேறி வந்து வளரும். அதற்கு எந்தச் சுவரில் யார் வழி விட்டார்கள்? ஒப்பந்தப் புள்ளியில் விலாங்குக்கு ஒரு பத்தியும் கிடையாது.

கீழணைக்குக் கீழே கோடையில் ஆறு ஓடியே ஆக வேண்டும். அதற்கான தண்ணீரைப் பாசனக் கணக்கைப் போலவே எழுத்தில் ஒதுக்க வேண்டும். கொள்ளிடத்தில் மணல் அள்ளுவதை அடியோடு நிறுத்த வேண்டும். இந்த இரண்டையும் செய்யாமல் சுவர் மட்டும் கட்டுகிறவர்கள் கடலைத் தடுக்கவில்லை, கமிஷனைத்தான் தேக்குகிறார்கள். மீனுக்கு ஓட்டில்லை. கரையில் இருக்கிற உங்களுக்கு உண்டு. வாக்குக் கேட்டு வருகிறவரிடம் இந்த இரண்டையும் கேளுங்கள். பதில் வராவிட்டால் திருப்பி அனுப்புங்கள்.